அணையில் நுரை வந்தால் வீடியோ எடுக்கிறோம்... பாத்ரூமில் நுரை வந்தால்?

பெங்களூரு பக்கம் நல்ல மழை பெய்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் போதும். அடுத்த சில மணி நேரத்தில் எங்கள் டெஸ்க்குக்கு வீடியோ வந்துவிடும். ஆற்றை மூடி வெள்ளை வெளேரென்று நுரை, தரைப்பாலத்தை மறைத்து நுரை, காற்றில் பறந்து வயலில் விழும் நுரை. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுநீரையும் ஆலைக்கழிவையும் சோப்புத்தண்ணீரையும் சுமந்துகொண்டு எல்லை தாண்டி வருவதன் அடையாளம் அது. தண்ணீரில் இருக்கக்கூடாத ஒன்று இருந்தால், கொஞ்சம் கலக்கியதும் நுரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கட்டுரை அணையைப் பற்றியது அல்ல. அந்த வீடியோவை ஃபார்வர்டு செய்கிற நாம், தினமும் காலையில் நம் வீட்டு பாத்ரூமில் வருகிற நுரையைக் கவனிக்கிறோமா என்பதைப் பற்றியது. அந்த நுரைக்குக் காரணம் சோப்பு இல்லை, புரதம். ரத்தத்தில் இருக்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் வந்தால் முட்டை வெள்ளைக்கருவை அடித்த மாதிரி நுரைக்கும், சீக்கிரம் அடங்காது. உடனே பயந்துவிட வேண்டாம். வேகமாகப் போனாலும், தண்ணீர் குடிக்காமல் அடர்த்தியாகப் போனாலும், கழிப்பறையில் கிளீனர் ஊற்றியிருந்தாலும் நுரை வரும். இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றியும் போகாத நுரை, நாள் தவறாமல் வருகிறது என்றால்தான் விஷயம். உள்ளே சில செல்கள் பிடியை விட ஆரம்பித்திருக்கலாம்.

பிடி என்றால் நிஜமான பிடிதான். நம் சிறுநீரகம் வேலை செய்வதே செல்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பதால்தான்.

கைகோத்து நிற்கும் காவலர்கள்

ஒரு சிறுநீரகத்தில் சராசரியாக 10 லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொன்றின் தலையிலும் நூல்கண்டு மாதிரி ஒரு ரத்தக்குழாய் முடிச்சு. அங்கேதான் ரத்தம் வடிகட்டப்படுகிறது. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்கு வடிகட்டுவது ஏறத்தாழ 180 லிட்டர். ரூமுக்கு வாங்கிப் போடுகிறோமே 20 லிட்டர் வாட்டர் கேன், அதில் ஒன்பது கேன். அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர் தவிர மற்றதெல்லாம் திரும்ப உடம்புக்கே போய்விடும்.

அந்த ரத்தக்குழாய் முடிச்சை வெளியிலிருந்து அணைத்துக்கொண்டு நிற்பவை போடோசைட் என்ற செல்கள். ஆக்டோபஸ் மாதிரி நிறைய கால்கள். ஒரு செல்லின் கால்விரல்களும் பக்கத்துச் செல்லின் கால்விரல்களும், நாம் இரு கை விரல்களைக் கோத்துக்கொள்வதுபோலப் பின்னிக்கொண்டிருக்கும். விரல்களுக்கு இடையே இருக்கிற மெல்லிய இடுக்கில்தான் தண்ணீரும் உப்பும் யூரியாவும் வெளியேறும். அல்புமின் பெரியது, போக முடியாது.

அந்த இடுக்கில் வலை கட்டியிருப்பது எது என்பது 1998 வரை தெரியாது. விடை கிடைத்தது பின்லாந்தில். அங்கே ஏறத்தாழ 8,000 பிறப்புக்கு ஒரு குழந்தை, பிறக்கும்போதே சிறுநீரில் புரதத்தைக் கொட்டிக்கொண்டு பிறக்கும். அந்தக் குடும்பங்களின் மரபணுக்களை அலசிய கார்ல் டிரிக்வாசன் குழுவினர், பழுதான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது உருவாக்கும் புரதத்துக்கு நெஃப்ரின் என்று பெயர் வைத்தார்கள். இந்தச் செல்லிலிருந்து ஒரு நெஃப்ரின் கை நீட்டும், எதிர்ச் செல்லிலிருந்து இன்னொன்று நீட்டும், நடுவில் இரண்டும் பிடித்துக்கொள்ளும். ஜிப் மாதிரி. அந்தக் குழந்தைகளுக்கு ஜிப்பே இல்லை.

நெஃப்ரின் வெறும் கொக்கி மட்டும் இல்லை என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தது. அதன் வால்பகுதி செல்லுக்குள்ளே இருக்கிறது. வெளியே பிடி இறுக்கமாக இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்ற தகவலை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தத் தகவல் போனால்தான் செல் தன் கால்களை விறைப்பாக வைத்திருக்கும். தகவல் நின்றால் கால்கள் சப்பையாகிவிடும். செல்லின் அடிப்பக்கமும் இதே கதைதான். இன்டெக்ரின் என்ற நங்கூரப் புரதம் போடோசைட்டைக் கீழேயுள்ள சவ்வில் ஊன்றி வைக்கிறது. நங்கூரம் கழன்றால் செல் பிய்ந்து சிறுநீரோடு போயே போய்விடும்.

போனால் வேறு வராதா? தோல் உரிந்தால் புதுத் தோல் வருகிறதே! போடோசைட் விஷயத்தில் அந்த அதிர்ஷ்டம் நமக்கு அநேகமாக இல்லை. வளர்ந்து முடிந்த போடோசைட் சாதாரணமாகப் பிரிந்து பெருகுவதில்லை. காலியான இடத்தில் தழும்புதான் விழும். நிறைய இடத்தில் தழும்பு விழுந்தால் அந்த நெஃப்ரான் அவ்வளவுதான்.

அம்மா வயிற்றில் நடக்கும் பேச்சுவார்த்தை

நெஃப்ரான்களும் அப்படித்தான். பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட உருவாகாது. கர்ப்பத்தின் 36-வது வாரத்தோடு அந்தக் கணக்கு முடிகிறது.

அந்தக் கணக்கு ஆரம்பிக்கிற விதம் அழகானது. ஐந்தாவது வாரம் வாக்கில் கருவுக்குள் ஒரு குட்டிக் குழாயிலிருந்து மொட்டு ஒன்று கிளம்புகிறது. அதற்குப் பக்கத்தில் உருவமில்லாத செல்கள் கொஞ்சம் உதிரியாகக் கிடக்கின்றன. அந்த உதிரிச் செல்கள் ஒரு ரசாயன சிக்னல் அனுப்பி மொட்டைத் தங்கள் பக்கம் கூப்பிடும். மொட்டு வந்து கிளை கிளையாகப் பிரியும். பிரிந்த ஒவ்வொரு நுனியும் பதிலுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். அதைக் கேட்டதும் உதிரியாக இருந்த செல்கள் ஒன்றுகூடி, ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டு உருண்டையாகி, நீண்டு, குழாயாகி நெஃப்ரானாக மாறும். 1950-களில் கிளிஃபோர்ட் குரோப்ஸ்டைன் என்ற அமெரிக்க விஞ்ஞானி எலிக் கருவிலிருந்து இப்படிப்பட்ட திசுக்களைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்துப் பார்த்தார். உதிரிச் செல்கள் தனியாக இருந்தால் ஒன்றுமே ஆகவில்லை. நடுவில் மெல்லிய ஃபில்டர் ஒன்றை வைத்து, அந்தப் பக்கம் சிக்னல் தரக்கூடிய இன்னொரு திசுவை வைத்ததும் குழாய்கள் உருவாயின!

பேச்சு வார்த்தை ஆரம்பத்திலேயே முறிந்தால் அந்தப் பக்கம் சிறுநீரகமே உருவாகாது. சுமார் ஆயிரம் பேரில் ஒருவர் ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிறப்பதற்கு இப்படியான தடங்கல் ஒரு காரணம். பலருக்கு வேறு எதற்காகவோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் அது தெரியவே வரும்.

நெஃப்ரான்களில் பாதிக்கு மேல் கடைசி மூன்று மாதங்களில் உருவாகின்றன. அதனால்தான் குறைமாதக் குழந்தைகளும் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளும் குறைவான நெஃப்ரான்களோடு வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள். இருப்பு குறைவு என்றால் ஒவ்வொன்றுக்கும் வேலைப்பளு அதிகம். பெரியவர்களானதும் ரத்த அழுத்தமும் சிறுநீரகப் பிரச்னையும் வரும் வாய்ப்பும் அதிகம். பிறந்தபோது என்ன எடை என்று அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. நான் இந்தக் கட்டுரைக்காகத்தான் முதல்முறை கேட்டேன்.

சொந்தத்துக்குள் திருமணமும் கண் வீக்கமும்

பின்லாந்துக் குழந்தைகளின் கதை நமக்கு எதற்கு? நெஃப்ரினைப் போலவே அதற்குத் துணை நிற்கும் போடோசின் என்ற புரதமும் இருக்கிறது. இந்த இரண்டின் கோளாறும் அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோயாக வெளிப்படும். ஒரு பிரதி மட்டும் இருப்பவர் ஆரோக்கியமாகவே இருப்பார், அவருக்கே தெரியாது. இருவரும் அப்படிப்பட்டவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமனுக்கோ அத்தை மகனுக்கோ கட்டிக்கொடுக்கும்போது, ஒரே தாத்தாவிடமிருந்து வந்த ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் சாத்தியம் கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 28 சதவிகிதம் பேர் ரத்த உறவில் மணந்தவர்கள். நாட்டிலேயே இதுதான் அதிகம், கர்நாடகம் அதற்கு நெருக்கமாக அடுத்த இடத்தில். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசும் ஓசூரில் மூன்று மொழிக்காரர்களுக்கும் பொதுவான வழக்கம் என்றால் இதைச் சொல்லலாம். பெரும்பாலான தம்பதிகளின் பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்குச் சிறு வயதில் சிறுநீரகக் கோளாறு இருந்திருந்தால், அடுத்த சம்பந்தம் பேசும் முன்பு மரபணு ஆலோசனை கேட்டுவிட வேண்டும்.

குழந்தைகளிடம் இதைவிட அதிகமாகக் காணப்படுவது வேறொரு வகை. காலையில் எழுந்ததும் இமை இரண்டும் உப்பியிருக்கும், மத்தியானத்துக்குள் குறைந்துவிடும். அப்புறம் முகம், வயிறு, கால். ‘பிள்ளை இப்பத்தான் கொஞ்சம் சதை போட்டிருக்கான்’ என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். சிலர் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவார்கள். சிறுநீரைச் சோதித்தால் புரதம் கொட்டிக்கொண்டிருக்கும். நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்பது இதுதான். இதில் பரவலான வகையைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிறுநீரகம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் போடோசைட்டின் விரல்கள் சப்பையாகிக் கிடப்பது தெரியும்.

ஏன் சப்பையாகிறது என்று பல பத்தாண்டுகள் தெரியாமலே இருந்தது. 2024-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் விஞ்ஞானிகள் தலைமையிலான குழு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு முக்கியமான தகவலை வெளியிட்டது. இந்த நோய் வந்த குழந்தைகளில் சுமார் பாதிப் பேரின் ரத்தத்தில், அவர்களின் சொந்த நெஃப்ரினையே தாக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. கிருமியைப் பிடிக்க வேண்டிய போலீஸ், வீட்டு ஜிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. ஸ்டீராய்டு கொடுத்ததும் பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில் தேறுவது ஏன் என்பதும் இதனால் கொஞ்சம் புரிகிறது. ஸ்டீராய்டுக்கு மசியாத குழந்தைக்கு மரபணுச் சோதனை கேட்பதும் இதனால்தான். பழுது மரபணுவில் என்றால், வீரியமான மருந்துகளை மாதக்கணக்கில் கொடுத்துப் பயன் இருக்காது.

வெள்ளையாக்கும் கிரீமும் ‘நெல்-1’ புரதமும்

இனி சொல்லப்போவது குறிப்பாக இருபதுகளில் இருக்கும் நமக்கு.

கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் சஜீஷ் சிவதாஸும் ரஞ்சித் நாராயணனும் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்ற நோய் வழக்கத்துக்கு மாறான விதத்தில் வந்துகொண்டிருந்தது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த 22 பேரில் 15 பேருக்கு, போடோசைட்டின் காலடியில் நெல்-1 என்ற புரதம் ஆன்டிபாடிகளோடு சேர்ந்து படிந்திருந்தது. (வயலில் விளையும் நெல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எலும்பு வளர்ச்சியில் செல்களுக்கு சிக்னல் தரும் ஒரு புரதத்தின் சுருக்கப் பெயர்.) அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் பூசிவந்தவர்கள். சந்தேகம் விழுந்தது பாதரசத்தின் மேல். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்குப் புரதக் கசிவு குறைந்தது. ‘கிட்னி இன்டர்நேஷனல்’ இதழில் இது வெளியானது.

அதே இதழில் 2022-லேயே சென்னையின் ரீனோபாத் ஆய்வகத்தைச் சேர்ந்த அனிலா ஆபிரகாம் குரியன் உள்ளிட்டோர் இன்னொரு தொடர்பைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளைச் சாப்பிட்டவர்களிடமும் இதே நெல்-1 படிவு. அவர்களிலும் மருந்தை நிறுத்தியவர்கள் பலர் தேறினார்கள்.

கிரீமுக்கான விதி என்ன? இந்தியாவின் 2020 அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி, கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர மற்றவற்றில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூட 10 லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பிரச்னை, இந்த விதி எட்டாத இடங்களில்தான். தயாரித்த ஊர் பெயர் இல்லாத டப்பாக்கள், ஆன்லைனில் ‘ஏழே நாளில்’ என்று வரும் டப்பாக்கள், ரூம்மேட்டின் தோழி கொண்டுவந்து கொடுத்த டப்பாக்கள். ஓசூர் சிப்காட் பக்கத்து விடுதி அறைகளில் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சின்ன ஷெல்ஃபை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். உட்பொருள் பட்டியலும் தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத எதையும் முகத்தில் பூசுவதில் அர்த்தமே இல்லை. வெளுப்பாக வேண்டும் என்ற ஆசையை யார் நம் தலையில் ஏற்றினார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

வலி மாத்திரையும் இதே ஷெல்ஃபில்தான் இருக்கும். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வந்து, கால் வலிக்கு டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபன் என்று தானாக வாங்கிப் போடுவது வாடிக்கை. இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையே குறைப்பவை. பாத்ரூம் போக நேரமிருக்காது என்று தண்ணீரையும் குடிக்காமல் இருந்து, மேலே இதையும் போட்டால் இரண்டு பக்கமும் அடி.

சர்க்கரை எனும் பெரிய பங்காளி

எண்ணிக்கையில் பார்த்தால் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது சர்க்கரை நோய். ரத்தத்தில் குளுக்கோஸ் வருடக்கணக்கில் கூடுதலாக இருந்தால் போடோசைட்டின் நங்கூரம் தளரும், நெஃப்ரின் குறையும், வடிகட்டியின் அழுத்தம் ஏறும். அந்தக் கட்டத்தில் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, கண்ணுக்குத் தெரியும் நுரைகூட இருக்காது. மிகச் சிறிய அளவில் அல்புமின் மட்டும் கசியும். அந்த நிலையில் பிடித்தால் வேகத்தைக் குறைக்க மருந்துகள் இருக்கின்றன. ரத்த அழுத்த மாத்திரைகளில் சில, வடிகட்டியின் மேலுள்ள அழுத்தத்தையும் இறக்கும். டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்து, சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பயன்படுகிறது என்று 2020-ல் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. அதே ஆண்டு இந்தியாவில் அதன் காப்புரிமை காலாவதியாகி, பல கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்து விலையும் இறங்கியது. மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் இந்த இடத்தில் ஒன்று கேட்பார்கள்: ‘எங்க தண்ணிதானே காரணம்?’ நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள மாவட்டம் இது. அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் தொடங்கியது. ஃப்ளோரைடு முதலில் தாக்குவது பல்லையும் எலும்பையும். அதை உடம்பிலிருந்து வெளியேற்றும் வேலை சிறுநீரகத்தினுடையது. எனவே சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானவருக்கு அது கூடுதலாகத் தேங்கும். அப்படிப்பட்டவர்கள் போர்வெல் தண்ணீரைத் தவிர்த்து, ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதே சரி.

நுரை வராமலே கெட்டுப்போகும் சிறுநீரகமும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெயிலில் வேலை செய்யும் விவசாயிகளுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாமலே வரும் சிறுநீரக நோய், பெரும்பாலும் வடிகட்டியை விட்டுவிட்டுக் கீழே உள்ள குழாய்களைத் தாக்குகிறது. அதில் புரதம் அதிகம் கசியாது. எனவே வயலிலோ, உலைப் பக்கமோ, கட்டட வேலையிலோ இருப்பவர்கள் சிறுநீர்ச் சோதனையோடு ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும்.

சாமனப்பள்ளியில் தொடங்கியது

சோதனைக்காக பெங்களூருக்கோ சேலத்துக்கோ ஓட வேண்டியதில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்ததே இந்த மாவட்டத்தில்தான், சூளகிரி ஒன்றியம் சாமனப்பள்ளியில், 2021 ஆகஸ்ட் 5 அன்று. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸ் திரவப் பைகளும் இதே திட்டத்தில் வீடு தேடி வருகின்றன என்பது பலருக்குத் தெரியாது. வயிற்றுக்குள் இருக்கும் சவ்வையே வடிகட்டியாக்கி வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் அது. பிடியை விட்டுவிட்ட போடோசைட்களின் வேலையை வயிற்றுச் சவ்வு செய்கிறது.

அந்தக் கட்டத்துக்குப் பல வருடங்கள் முன்பே செய்ய வேண்டியது சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்துப் பார்க்கும் சோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம், நிறம் மாறினால் புரதம் இருக்கிறது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு அது போதாது. சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், வருடத்துக்கு ஒரு முறை. முடிவு 30-க்குக் கீழே இருந்தால் சரி. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுப்பது நல்லது. காய்ச்சல் இருக்கும்போதும், மாதவிடாய் நாள்களிலும், ஜிம்மில் கடுமையாக உடற்பயிற்சி செய்த மறுநாளும் கொடுக்க வேண்டாம், பொய்யாகக் கூட்டிக் காட்டும். ஒரு முறை 30-ஐத் தாண்டியது என்பதற்காக நோய் என்று முடிவு கட்டிவிட மாட்டார்கள், மூன்று மாதத்துக்குள் மறுபடி வரச் சொல்வார்கள். அந்த இரண்டாவது முறைக்குப் போகாமல் விட்டுவிடாதீர்கள்.